அடையாற்றுத் தண்ணீரும் கரையோர போர் தண்ணீரும்: மாதிரி எடுப்பதிலிருந்து அயனிக் கணக்கு வரை

சென்னையில் அடையாற்றங்கரையில் வீடு வைத்திருப்பவர்கள் கேட்பது ஒன்றுதான்: போரில் வருவது ஆற்றுச் சாக்கடையா, கடல் உப்பா, பாறையில் ஊறிய உப்பா? டிடிஎஸ் (கரைந்த மொத்த உப்பு) மீட்டரை முக்கிப் பார்த்து இதற்குப் பதில் சொல்ல முடியாது. மூன்று தண்ணீரும் ஒரே எண்ணைக் காட்டக்கூடும். கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், பைகார்பனேட், குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட் என்ற எட்டு அயனிகளையும் (கரைந்த உப்பின் மின்சுமை உள்ள துகள்கள்) தனித்தனியாக அளந்தால்தான் ஆள் அகப்படும். ஆற்றில் ஒன்பதாவதாக அம்மோனியமும் வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

ஆய்வகத்துக்குக் கொடுத்துவிட்டால் வேலை முடிந்தது என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. ஆய்வகம் அளப்பது பாட்டிலில் இருப்பதை. கிணற்றில் இருந்ததும் பாட்டிலில் இருப்பதும் ஒன்றா என்பது கிணற்றடியில் செலவழிக்கும் அரைமணி நேரத்தில் முடிவாகிவிடுகிறது. அதனால் இந்தப் பதிவில் பாதி கிணற்றடி வேலையைப் பற்றியே இருக்கும்.

இடம் பிடிப்பது

அடையாறு 42 கிலோமீட்டர் போலத்தான் ஓடுகிறது. மணிமங்கலம், ஆதனூர் பக்கத்து ஏரிகளின் உபரிநீர், திருநீர்மலை அருகே வந்து சேரும் செம்பரம்பாக்கம் உபரிநீர், பிறகு அனகாபுத்தூர், மணப்பாக்கம், நந்தம்பாக்கம், சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் தாண்டி, பட்டினப்பாக்கத்துக்கும் பெசன்ட் நகருக்கும் நடுவே கடல். இந்தச் சின்ன தூரத்துக்குள் நிலத்தடி மாறிவிடுகிறது. பரங்கிமலை, கிண்டி, ஆதம்பாக்கம், வேளச்சேரி பக்கம் சார்னக்கைட் பாறை. ஆறரை அங்குல போர் போட்டு வெடிப்புகளில் வரும் தண்ணீரை எடுக்கிறார்கள். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் கடற்கரை மணல். அங்கே பழைய உறைக்கிணறுகள் இன்னும் உண்டு, போரும் பெரும்பாலும் நாலரை அங்குலம். ஆற்றை ஒட்டி வண்டலும் களியும் மாறி மாறி வரும்.

ஆற்றில் ஐந்து இடம் போதும்: திருநீர்மலை, மணப்பாக்கம், சைதாப்பேட்டை மறைமலை அடிகள் பாலம், கோட்டூர்புரம் பாலம், திரு.வி.க. பாலம். ஒவ்வொரு இடத்துக்கும் அதே கரையில் இரண்டு கிணறு. ஒன்று ஆற்றிலிருந்து 100 மீட்டருக்குள், இன்னொன்று 500 மீட்டருக்கு அப்பால். தூரத்துக் கிணறு இல்லாமல் பக்கத்துக் கிணற்றின் எண்ணுக்கு அர்த்தமே கிடையாது. அந்த வட்டாரத்து மண் தானாகக் கொடுக்கும் உப்பு எவ்வளவு, ஆறு கூட்டியது எவ்வளவு என்று பிரிக்க அது ஒன்றுதான் வழி. ஆழமும் முக்கியம்: 10 மீட்டர் உறைக்கிணற்றையும் 60 மீட்டர் போரையும் ஜோடி சேர்க்க வேண்டாம்.

காலம், மே மாதமும் ஜனவரியும். வடகிழக்குப் பருவமழைக்கு முந்தைய காய்ச்சலில் ஒன்று, மழை நின்று ஆறு வடிந்த பிறகு ஒன்று. 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் பல வீடுகளில் மொட்டைமாடித் தண்ணீர் நேராகக் கிணற்றுக்குள்ளோ பக்கத்துக் குழிக்கோ போகிறது. அப்படிப்பட்ட கிணற்றில் ஜனவரியில் எடுத்தால் வருவது பாதி மழைத்தண்ணீர். ஒதுக்க வேண்டியதில்லை, ஆனால் குறிப்பேட்டில் எழுதாமல் விட்டால் ‘மழைக்குப் பிறகு நிலத்தடி நீர் நல்லாயிடுச்சு’ என்ற பொய் முடிவு வரும்.

எந்தக் குழாய்?

முதலில் வாட்ச்மேனிடம் கேட்க வேண்டியவை: “அண்ணே, இந்தக் குழாய் சின்டெக்ஸ்லேர்ந்து வருதா, நேரா போர்லேர்ந்தா? சாஃப்ட்னர் இருக்கா? லாரித் தண்ணி சம்ப்புல கலக்குறீங்களா?” மூன்றும் தெரியாமல் பாட்டிலைத் திறக்கக் கூடாது. சம்ப்பில் மெட்ரோ லாரித் தண்ணீரும் போர் தண்ணீரும் கலந்திருக்கும். மேல்தொட்டியில் நின்ற தண்ணீர் காற்றோடு கலந்து பிஎச் (அமில-கார அளவு) ஏறி, இரும்பு அடியில் படிந்திருக்கும். சாஃப்ட்னருக்குப் பின்னால் எடுத்தால் கடினத்தன்மை சுத்தமாகக் காணாமல் போய் அந்த இடத்தில் சோடியம் நிற்கும். சோடியம்-பைகார்பனேட் வகை அபூர்வ நிலத்தடி நீர் என்று யாராவது கொண்டுவந்தால், சாஃப்ட்னர் எங்கே என்று கேளுங்கள்.

போரின் தலையில், மோட்டார் குழாய் மேலே வரும் இடத்தில் ஒரு கேட் வால்வோ யூனியனோ இருக்கும். அங்கேதான் எடுக்க வேண்டும். பிளம்பர் ஒருவர் அரை அங்குல டீயும் ஒரு சின்ன பால் வால்வும் போட்டுக் கொடுத்தால் அடுத்த முறையும் அதே இடம் கிடைக்கும்.

கம்ப்ரசர் போட்ட போரை, வேறு கிணறு கிடைத்தால், தொடாதீர்கள். கம்ப்ரசர் காற்றை உள்ளே தள்ளித்தான் தண்ணீரை மேலே தூக்குகிறது. நிலத்தடி நீரில் கரைந்திருக்கும் கார்பன் டைஆக்சைடு, சோடா பாட்டிலைத் திறந்ததும் போவதுபோல வெளியேறிவிடும். பிஎச் ஏறும். கரைந்திருந்த இரும்பு காற்றுபட்டுச் செம்பழுப்பாகத் திரியும். அந்தத் தண்ணீரில் குளோரைடு, சோடியம், சல்ஃபேட் மூன்றையும் நம்பலாம். பிஎச், இரும்பு, ஆக்சிஜன் எதையும் நம்ப முடியாது. அமோனியா, சல்ஃபைடு அறவே கூடாது. சப்மர்சிபிள் உள்ள போர்தான் சரி.

நின்ற தண்ணீரை வெளியேற்றுவது

குழாய்க்குள் நின்ற தண்ணீர் நிலத்தடி நீர் இல்லை. நாலரை அங்குல போரில் ஒரு மீட்டர் உயரத்துக்குச் சுமார் 10 லிட்டர் நிற்கும். ஆறரை அங்குலத்தில் 21 லிட்டர். 40 மீட்டர் தண்ணீர் நிற்கும் ஆறரை அங்குல போரில் 840 லிட்டர். புத்தக முறைப்படி இதைப்போல மூன்று மடங்கு, அதாவது 2500 லிட்டர் வெளியேற்ற வேண்டும். அபார்ட்மென்ட்டில் இதைத் தெருவில் விட்டால் சண்டை வரும். நடைமுறை வழி, காலையில் அவர்கள் தொட்டி நிரப்பும் நேரத்துக்குப் போவது. மோட்டார் அரைமணி நேரம் ஓடிய பிறகு தலைக்குழாயில் அளக்கத் தொடங்குங்கள்.

போதுமா என்று சொல்வது மீட்டர். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வெப்பம், மின்கடத்துதிறன், பிஎச் மூன்றையும் எழுதுங்கள். அடுத்தடுத்த மூன்று அளவில் பிஎச் 0.1-க்குள்ளும், கடத்துதிறன் 3 சதவீதத்துக்குள்ளும், வெப்பம் அசையாமலும் நின்றால் எடுக்கலாம். சென்னையில் நிலத்தடி நீர் ஏறக்குறைய 28 முதல் 31 டிகிரி. 34 காட்டினால் அது வெயிலில் கிடக்கும் குழாயின் சூடு, இன்னும் ஓடவிடுங்கள்.

கடத்துதிறன் நிற்காமல் ஒரே திசையில் ஏறிக்கொண்டே போவதும் உண்டு. கடலோரத்தில் இது மீட்டர் கோளாறு இல்லை. பம்ப் இழுக்க இழுக்க அடியிலிருக்கும் உப்பு நீர் மேலே ஏறுகிறது. அங்கே ‘நிலைத்த அளவு’ என்று ஒன்று கிடைக்காது. மோட்டார் போட்டு எத்தனையாவது நிமிடம் என்பதைச் சேர்த்து எழுதி, அடுத்த முறையும் அதே நிமிடத்தில் எடுப்பதே வழி.

உறைக்கிணற்றில் இந்தக் கணக்கு செல்லாது. தினமும் இறைக்கும் கிணறாகப் பார்த்து, எடை கட்டிய பாட்டிலை நீர்மட்டத்துக்கு ஒரு மீட்டர் கீழே இறக்கி எடுங்கள். மூடிக் கிடக்கும் கிணறு எதற்கும் உதவாது.

கிணற்றடி அளவுகள்

பிஎச் மீட்டரை 7, 4, 10 பஃபர்களில் (பிஎச் தெரிந்த கரைசல்கள்) அன்றைக்குக் காலையில் சரிசெய்ய வேண்டும். பஃபர் பாட்டிலை வண்டி டிக்கியில் வெயிலில் விட்டால் அதன் வெப்பமும் தண்ணீரின் வெப்பமும் வேறாகிவிடும். ஐஸ் பெட்டியில் போட்டாலும் அதே தொல்லை. தோளில் மாட்டும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

குழாயிலிருந்து கொட்டும் தண்ணீருக்கு நேராக மீட்டரைக் காட்டக் கூடாது. ஒரு லிட்டர் பிளாஸ்டிக் குவளையின் அடிவரை டியூபை விட்டு, தண்ணீர் மேலே வழிந்துகொண்டே இருக்கும்படி மெதுவாக ஓடவிட்டு, அதற்குள் மீட்டரை நிறுத்துங்கள். அடியிலிருந்து புதுத் தண்ணீர் வரும், காற்றுபட்டது வழிந்து போகும்.

கடத்துதிறன் மீட்டரை 1413 மைக்ரோசீமென்ஸ் திரவத்தில் சரிபார்க்க வேண்டும். லிட்டருக்கு 0.7456 கிராம் பொட்டாசியம் குளோரைடு கரைத்து நீங்களே செய்துகொள்ளலாம். 25 டிகிரிக்கான எண் அது. ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் மாறும் என்பதால் தானியங்கி வெப்பத் திருத்தம் இல்லாத மீட்டர் நம் ஊர் வெயிலில் சுலபமாக 10 சதவீதம் கூட்டிச் சொல்லும். டிடிஎஸ் எண்ணை எழுதவே எழுதாதீர்கள். சில பேனா மீட்டர்கள் கடத்துதிறனை 0.5-ஆல் பெருக்குகின்றன, சில 0.7-ஆல். 1785 மைக்ரோசீமென்ஸ் தண்ணீரை ஒன்று 892 என்கும், இன்னொன்று 1250 என்கும். பக்கத்து வீட்டுத் தண்ணீர் நம்முடையதைவிட நல்லது என்ற பெருமைக்குப் பல இடங்களில் இதுதான் காரணம்.

பைகார்பனேட்டைச் சொல்வது காரத்தன்மை. அதை அங்கேயே டைட்ரேட் செய்வது (அமிலத்தை அளந்து விட்டு, எவ்வளவு போகிறது என்று பார்ப்பது) கட்டாயம். பியூரெட்டும் ஸ்டாண்டும் தூக்கிக்கொண்டு போக வேண்டாம், 0.01 மி.லி. கோடு போட்ட 1 மி.லி. சிரிஞ்ச் போதும். வடிகட்டிய தண்ணீர் 50 மி.லி., அதில் 0.1 நார்மல் சல்ஃப்யூரிக் அமிலத்தைச் சிரிஞ்சால் விட்டுக் கலக்கி, பிஎச் 4.5 வரும்போது நிறுத்துங்கள். 1 மி.லி. அமிலம் = லிட்டருக்கு 100 மி.கி. காரத்தன்மை (கால்சியம் கார்பனேட் கணக்கில்). 3.60 மி.லி. போனால் 360. சிரிஞ்சை ஊசியோடு பயன்படுத்துங்கள். ஊசி இல்லாவிட்டால் ஒரு சொட்டே 4, 5 மி.கி. அளவுக்குப் பெரிதாக விழும். பிஎச் 5-க்குக் கீழே வந்ததும் ஒவ்வொரு சொட்டாக, மீட்டர் நிற்கும்வரை காத்திருந்து விட வேண்டும். அங்கே அவசரப்பட்டால் 4.5-ஐத் தாண்டி 3.9-க்குப் போய்விடும்.

அமிலம் தயாரிக்க: ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவான டிஸ்டில்டு வாட்டரில் 2.8 மி.லி. அடர் சல்ஃப்யூரிக் அமிலத்தை மெதுவாக ஊற்றி (தண்ணீரில்தான் அமிலம், மாற்றி ஊற்றக் கூடாது), ஆறியபின் லிட்டருக்கு நிரப்பவும். 250 டிகிரியில் காயவைத்த சோடியம் கார்பனேட் 0.1060 கிராம் எடுத்துக் கரைத்து டைட்ரேட் செய்தால் சரியாக 20.0 மி.லி. போக வேண்டும். 19.4 போனால் உங்கள் அமிலம் 0.103 நார்மல், அதைப் பாட்டிலில் எழுதி ஒட்டிக் கணக்கில் சேர்த்துக்கொண்டால் போதும், திருத்திக்கொண்டிருக்க வேண்டாம்.

டிஸ்டில்டு வாட்டர் என்று பேட்டரிக் கடையில் வாங்குவதையும் ஒருமுறை மீட்டரில் பாருங்கள். 5 மைக்ரோசீமென்ஸுக்கு மேல் இருந்தால் வேண்டாம். கேன் வாட்டர் இந்த வேலைக்கு உதவாது.

பாட்டில்கள்

ஒரு கிணற்றுக்கு இரண்டு, ஆற்றுக்கு மூன்று. எல்லாம் மூடி இறுக்கமான எச்டிபிஇ பிளாஸ்டிக் பாட்டில். 10 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒருநாள் ஊறவைத்து, டிஸ்டில்டு வாட்டரில் நன்றாகக் கழுவியது.

500 மி.லி. பாட்டில்: 0.45 மைக்ரான் சிரிஞ்ச் ஃபில்டரில் வடிகட்டி, காற்றுக்குமிழ் இல்லாமல் கழுத்துவரை நிரப்பியது. அமிலம் கிடையாது. குளோரைடு, சல்ஃபேட், நைட்ரேட்டுக்கு.

125 மி.லி. பாட்டில்: அதே வடிகட்டிய நீர், சுமார் 0.25 மி.லி. அடர் நைட்ரிக் அமிலம். பிஎச் 2-க்குக் கீழே போய்விட்டதா என்று மூடியில் ஒரு சொட்டு எடுத்துப் பிஎச் பேப்பரில் பாருங்கள். பேப்பரைப் பாட்டிலில் முக்காதீர்கள். கால்சியம், மக்னீசியம், சோடியம், பொட்டாசியம், இரும்புக்கு இது.

ஆற்றுக்கு மட்டும் மூன்றாவது: 125 மி.லி., பிஎச் 2-க்குக் கீழே வரும்வரை சல்ஃப்யூரிக் அமிலம், அம்மோனியாவுக்கு.

வடிகட்டாமல் நைட்ரிக் அமிலம் விடுவதுதான் அதிகம் நடக்கும் பிழை. கலங்கல் நீரில் மிதக்கும் களித்துகளையும் சுண்ணாம்புத் துகளையும் அமிலம் கரைத்துவிடும். இரும்பும் கால்சியமும் எகிறும். அடுத்தது பாட்டில் மாறிப்போவது: நைட்ரிக் அமிலம் விட்ட பாட்டிலில் நைட்ரேட் பார்த்தால் ஆயிரக்கணக்கில் வரும். மூடிக்கு வேறு வேறு நிறம் வைத்துக்கொண்டால் இந்தக் கூத்து நடக்காது. ஐஸ் பெட்டியில் ஐஸ் உருகிய தண்ணீரில் லேபிள் அழியும் என்பதால் பாட்டிலின் உடம்பிலும் மூடியிலும் பெர்மனன்ட் மார்க்கரில் எழுதுங்கள்.

ஆற்றில் எடுப்பது

பாலத்தில் ஆறு வந்து சேரும் பக்கத்திலிருந்து, கயிறு கட்டிய பிளாஸ்டிக் வாளி. முதல் வாளியை அலசிக் கொட்டிவிடுங்கள். ஆகாயத்தாமரையும் நுரையும் ஒதுங்கிய இடத்தில் போடாமல், ஓட்டமுள்ள இடத்தில் போடுங்கள். சைதாப்பேட்டைக்குக் கீழே எந்தப் பாலத்திலும் இடது கரை, நடு, வலது கரை மூன்றிலும் தனித்தனியாகக் கடத்துதிறன் பாருங்கள். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் மேலே எங்கோ ஒரு வடிகால் சேர்ந்து, இன்னும் கலக்காமல் கரையோரமாக ஓடிக்கொண்டிருக்கிறது. நடுவில் எடுத்தது ஆற்றைச் சொல்லாது, கரையில் எடுத்தது வடிகாலைச் சொல்லும். மூன்றையும் எடுத்து வைக்க வேண்டும்.

திரு.வி.க. பாலத்தில் வேறு பிரச்சினை. கடல்நீர் கனமானது; அடியில் ஆப்பு போல நுழையும், மேலே ஆற்றுநீர் மிதந்து போகும். ஒரே இடத்தில் மேலே 4,000, அடியில் 40,000 மைக்ரோசீமென்ஸ் காட்டினாலும் வியப்பில்லை. வாளியால் மேல்நீர் மட்டுமே வரும். அடிநீருக்கு, கழுத்துக் குறுகிய பாட்டிலில் எடை கட்டி, ரப்பர் கார்க்கைத் தனிக் கயிற்றில் கட்டி, இறக்கியபின் கார்க் கயிற்றைச் சுண்டி இழுத்தால் குமிழ் வந்து நின்றதும் பாட்டில் நிரம்பிவிட்டது என்று பொருள். ஆக்சிஜன் அளக்க இது ஆகாது, உப்புக்குப் போதும். சென்னைத் துறைமுக ஓத அட்டவணை பார்த்து வற்றம் முடியும் நேரத்துக்குப் போங்கள். ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். முகத்துவாரத்தை மணல்திட்டு மூடிக் கிடக்கும் மாதங்களில் ஓதக் கணக்கே பொருந்தாது. முகம் திறந்திருக்கிறதா என்று முதலில் போய்ப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

கையுறை இல்லாமல் இந்த ஆற்றில் வேலை செய்யக் கூடாது.

மேசை வேலை

கடினத்தன்மையும் (கால்சியமும் மக்னீசியமும் சேர்ந்தது) கால்சியமும் 0.01 மோலார் ஈடிடிஏ கரைசலில் டைட்ரேட் செய்வது. 50 மி.லி. தண்ணீருக்கு 1 மி.லி. ஈடிடிஏ = லிட்டருக்கு 20 மி.கி. (கால்சியம் கார்பனேட் கணக்கில்). மொத்தக் கடினத்தன்மைக்கு அமோனியா பஃபர் போட்டுப் பிஎச் 10, எரியோகுரோம் பிளாக் டி இன்டிகேட்டர் (முடிவை நிறம் மாறிக் காட்டுவது), ஒயின் சிவப்பிலிருந்து நீலம். நிறம் இழுத்துக்கொண்டே போய் ஊதாவிலேயே நின்றால் பெரும்பாலும் பஃபர்தான் பழசு. அமோனியா ஆவியாகிப் பிஎச் ஏறியிருக்காது. இன்டிகேட்டரைக் கரைசலாக வைக்காமல் 0.5 கிராமை 100 கிராம் உப்போடு அரைத்துப் பொடியாக வைத்தால் மாதக்கணக்கில் கெடாது. கால்சியத்துக்குச் சோடியம் ஹைட்ராக்சைடு விட்டுப் பிஎச் 12-க்கு மேல் ஏற்றி, முரெக்சைடு இன்டிகேட்டர். காரம் விட்ட உடனே டைட்ரேட் செய்து முடிக்க வேண்டும். வைத்திருந்தால் கால்சியம் கார்பனேட்டாகப் படிந்து குறைவாகக் காட்டும்.

குளோரைடு 0.0141 நார்மல் சில்வர் நைட்ரேட்டில் (லிட்டருக்கு 2.395 கிராம், பழுப்பு பாட்டிலில்). பொட்டாசியம் குரோமேட் இன்டிகேட்டர். 50 மி.லி. தண்ணீருக்குப் போன மி.லி.-யிலிருந்து டிஸ்டில்டு வாட்டருக்குப் போனதைக் கழித்து 10-ஆல் பெருக்கினால் லிட்டருக்கு மி.கி. வரும். முகத்துவார நீரை 1 மி.லி. எடுத்து 100-க்கு நீர்க்கச் செய்யாமல் தொடங்கினால் வெள்ளி வீணாகும். ஆற்று நீர் சில்வர் நைட்ரேட் பட்டதும் கறுத்தால் சல்ஃபைடு இருக்கிறது: புதிதாக 50 மி.லி. எடுத்து, 1 மி.லி. ஹைட்ரஜன் பெராக்சைடு விட்டு ஒரு நிமிடம் கலக்கிவிட்டுத் தொடருங்கள். முடிந்த திரவத்தில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. அதைத் தொட்டியில் கொட்டினால் அடுத்த மாதிரிக்குள் வந்து சேரும். தனி கேனில் சேர்த்து, அபாயக் கழிவு எடுக்கும் ஆய்வகத்திடம் கொடுங்கள்.

சோடியம், பொட்டாசியத்துக்கு ஃப்ளேம் போட்டோமீட்டர் வேண்டும். வெளியே கொடுப்பதே நல்லது. கொடுக்கும்போது ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: சோடியத்தை அளக்கிறார்களா, மற்றவற்றிலிருந்து கழித்துப் போடுகிறார்களா என்று. நைட்ரேட்டைப் பொறுத்தவரை, தாளில் இருப்பது நைட்ரேட்டா நைட்ரேட்-நைட்ரஜனா என்று பாருங்கள், இரண்டுக்கும் 4.43 மடங்கு வித்தியாசம். குடிநீர்த் தரம் ஐஎஸ் 10500-இன் 45 மி.கி. வரம்பு நைட்ரேட்டுக்கு.

கணக்கு சரியா?

எந்தத் தண்ணீரிலும் நேர்மின் அயனிகளும் எதிர்மின் அயனிகளும் மின்சுமையில் சமமாக இருக்க வேண்டும்; அளந்த எண்கள் அப்படி வருகின்றனவா என்பதுதான் சோதனை. கணக்குக்காக ஒரு போர் தண்ணீரை வைத்துக்கொள்வோம். நேர்மின் பக்கம்: லிட்டருக்கு மி.கி.-யில் கால்சியம் 96, மக்னீசியம் 44, சோடியம் 210, பொட்டாசியம் 12. இவற்றை 20.04, 12.15, 22.99, 39.1 ஆகிய சமான எடைகளால் வகுத்தால் 4.79, 3.62, 9.13, 0.31, கூட்டினால் 17.85 மில்லிஈக்விவலென்ட் (மின்சுமைக் கணக்கில் அளவு). எதிர்மின் பக்கம்: காரத்தன்மை 360-ஐ 50-ஆல் வகுத்து 7.20, குளோரைடு 290-க்கு 8.18, சல்ஃபேட் 70-க்கு 1.46, நைட்ரேட் 50-க்கு 0.81, மொத்தம் 17.65. வித்தியாசம் 0.20, இரண்டின் கூட்டுத்தொகை 35.50, பிழை 0.6 சதவீதம். 5 சதவீதத்துக்குள் இருந்தால் சரி என்பது வழக்கம். கடத்துதிறனை 100-ஆல் வகுத்தால் நேர்மின் கூட்டுத்தொகைக்கு அருகில் வர வேண்டும். இங்கே 1785 என்றால் பொருந்துகிறது.

இந்த 5 சதவீதத்தைக் கண்மூடி நம்பக் கூடாது. அதே தண்ணீரின் காரத்தன்மையைக் கிணற்றடியில் பார்க்காமல் ஒரு வாரம் கழித்து ஆய்வகத்தில் பார்த்தார்கள், அதற்குள் சுண்ணாம்பு படிந்து 290 ஆகிவிட்டது என்று வையுங்கள். எதிர்மின் மொத்தம் 16.25. பிழை 4.7 சதவீதம். ‘தேறிவிட்டது’. இன்னும் மோசம், கால்சியத்தையும் அமிலம் விடாத அதே பாட்டிலில் அளந்தால் அதிலும் அதே 1.4 குறைந்து நேர்மின் மொத்தம் 16.45 ஆகும்; பிழை மறுபடியும் 0.6 சதவீதத்துக்கு வந்துவிடும். கணக்கு அழகாக நிற்கும், தண்ணீர் வேறாக இருக்கும். படிந்த சுண்ணாம்பு பாட்டில் சுவரில் வெள்ளைப் பூச்சாக ஒட்டியிருக்கும். காலி செய்யும்போது விரலால் தடவிப் பாருங்கள், சொரசொரவென்று இருக்கும். கிணற்றடிக் காரத்தன்மையும் ஆய்வகக் காரத்தன்மையும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருந்தால்தான் இது பிடிபடும்.

பிழை துல்லியமாக 0.00 என்று வரும் அறிக்கை சோடியத்தைக் கழித்துப் போட்ட அறிக்கை. அதில் சோடியம் எண்ணில் எல்லாருடைய பிழையும் குவிந்திருக்கும்.

ஆற்று மாதிரிகளில் மட்டும் நேர்மின் பக்கம் தொடர்ந்து குறைந்தால் அம்மோனியத்தைச் சேர்க்கவில்லை என்று அர்த்தம். ஆக்சிஜன் இல்லாத சாக்கடை நீரில் நைட்ரஜன் நைட்ரேட்டாக மாறுவதில்லை, அம்மோனியமாகவே நிற்கும். அம்மோனியா-நைட்ரஜன் 28 மி.கி. இருந்தால் அதுவே 2 மில்லிஈக்விவலென்ட். ‘கறுப்புத் தண்ணீரில் நைட்ரேட் இல்லை, அப்படியானால் சாக்கடை இல்லை’ என்ற வாதத்துக்கும் இதுவே பதில். அதே சாக்கடை காற்றோட்டமுள்ள மணல் வழியாக இறங்கினால் நைட்ரேட்டாக மாறிக் கிணற்றில் வரும்.

யார் உப்பு?

பாறை உப்பு என்றால் பைகார்பனேட் முன்னால் நிற்கும், கால்சியமும் மக்னீசியமும் சோடியத்துக்கு ஈடு கொடுக்கும், குளோரைடு பின்னால். சாக்கடை என்றால் குளோரைடும் சோடியமும் சேர்ந்து ஏறும், பொட்டாசியமும் நைட்ரேட்டும் தூரத்துக் கிணற்றைவிடக் கூடும். மேலே கணக்கிட்ட தண்ணீர் இந்த வகையின் சாயல் உள்ளது. ஆனால் அதற்கு ஆற்றைக் குற்றம் சொல்லுமுன் பக்கத்து செப்டிக் டேங்கையும் ஒழுகும் தெருச் சாக்கடைக் குழாயையும் பாருங்கள். தூரத்துக் கிணற்றிலும் நைட்ரேட் அதே அளவு இருந்தால் ஆறு நிரபராதி.

கடலுக்குத் தனி முகம் உண்டு. கடல்நீரில் குளோரைடு சுமார் 19,350 மி.கி., சோடியம் 10,760. மோல் கணக்கில் சோடியத்துக்கும் குளோரைடுக்கும் விகிதம் 0.86. நல்ல தண்ணீரில் குளோரைடு 100, சோடியம் 80 இருந்த இடத்தில் கிணற்றுக் குளோரைடு 1,000 ஆனால் கடல் பங்கு (1000 − 100) ÷ (19350 − 100), அதாவது 4.7 சதவீதம். அந்தக் கலப்புக்குச் சோடியம் 579 இருக்க வேண்டும். அளந்தது 420 என்றால் 159 மி.கி., அதாவது 6.9 மில்லிஈக்விவலென்ட், களிமண்ணில் ஏறி, பதிலுக்குக் கால்சியத்தை வெளியே தள்ளியிருக்கிறது. கடல் உள்ளே வந்துகொண்டிருக்கும் அடையாளம் அது: கடலோரத்தில் உப்போடு கடினத்தன்மையும் திடீரென்று ஏறும். எதிர்ப்பக்கமாக, சோடியம் கணக்கைவிடக் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் இருந்தால் நல்ல தண்ணீர் உப்பைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. நல்ல மழைக்குப் பிந்தைய ஜனவரியில் பார்க்கலாம். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர் பக்கம் 1960களின் இறுதியிலேயே கடல் ஏறியது தெரிந்துவிட்டது; அந்த வட்டாரத் தண்ணீர் அறிக்கைகளைப் படிக்கவும் இதே கணக்குதான்.

ஒன்று மட்டும் வேதியியலால் முடியாது: ஆறு கிணற்றுக்குள் போகிறதா, கிணற்று நிலத்தின் நீர் ஆற்றுக்கு வருகிறதா என்பது. அதற்கு மட்டம் பார்க்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கும் டியூப் லெவல் போதும். ஆற்று நீர்மட்டத்துக்கு ஒரு முளை அடித்து, அங்கிருந்து 15, 20 மீட்டர் துண்டு துண்டாகக் கிணற்றின் வாய்வரை மட்டத்தைக் கொண்டு வாருங்கள். டியூபில் குமிழ் சிக்கியிருந்தால் ஒவ்வொரு துண்டிலும் சென்டிமீட்டர் கணக்கில் தவறும். நிறம் கலந்த தண்ணீர் ஊற்றினால் குமிழ் கண்ணில் படும். பிறகு கிணற்று வாயிலிருந்து நீர்மட்ட ஆழத்தைக் கழியுங்கள். மோட்டார் இரவு முழுக்க ஓடாத விடியலில் ஒருமுறை, ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருமுறை. நின்றபோது கிணறு ஆற்றைவிட 30 சென்டிமீட்டர் மேலே, ஓடும்போது 2 மீட்டர் கீழே என்று வந்தால், இயல்பில் ஆற்றுக்குத் தண்ணீர் கொடுக்கும் நிலம் அது. ஆற்றை உள்ளே இழுப்பது மோட்டார். அந்தக் கிணற்றில் நாளெல்லாம் இறைக்காமல் காலை, மாலை எனப் பிரித்து இறைக்கச் சொல்லி, அடுத்த மே மாதம் பொட்டாசியத்தையும் நைட்ரேட்டையும் மறுபடி பாருங்கள்.